ஆடி மாசத்துப் பிள்ளைகள்

என் பிள்ளைகளைக் கேட்டால் தமிழ்நாட்டில் வருஷம் முழுக்க ஆடி மாசம்தான் என்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நெதர்லாந்தில் பிள்ளைக்கு ஐந்து வயசு ஆகிவிட்டால் பள்ளி விடுமுறை தவிர வேறு நாளில் ஊருக்குக் கூட்டிப் போக முடியாது. மீறினால் அதைப் பிடிப்பதற்கென்றே ஓர் அதிகாரி இருக்கிறார், அபராதம் வீடு தேடி வரும். கோடை விடுமுறை ஆறு வாரம். அந்த ஆறு வாரம் எப்படிப் போட்டாலும் நம் ஆடியில்தான் வந்து விழுகிறது.

ஆக, பொங்கல் பார்த்ததில்லை, தீபாவளி பார்த்ததில்லை, ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததில்லை. ஆடியில் எவன் கல்யாணம் வைப்பான்? ஆனால் கூழ் தெரியும். வேப்பிலை தெரியும். விடியற்காலையில் ஒலிபெருக்கியில் வரும் அம்மன் பாட்டு இரண்டு பேருக்கும் மனப்பாடம். நெதர்லாந்தில் நாங்கள் இருக்கும் ஊரான ஐந்தோவனில், வீட்டில் பெரியவள் குளிக்கும்போது அதை முழுத் தொண்டையில் பாட, பக்கத்து வீட்டுக் கிழவர் மறுநாள் என்னிடம் ரொம்ப மரியாதையாக, குழந்தைக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தார். கும்பகோணத்து ஜவுளிக்கடைகளில் எப்போதும் பாதி விலைதான் என்பது அவளுடைய இன்னொரு நம்பிக்கை. அதைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை.

சின்னவன் கதை வேறு. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும் என்று தாத்தா சொன்னாலும் சொன்னார், பல் தேய்த்த கையோடு கொல்லைக்குப் போய் அம்மிக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார ஆரம்பித்தான். காற்று பலமாக அடித்தால் இரண்டு அடி பின்னால் நகர்ந்துகொள்வான், மேலே விழுந்துவிடக் கூடாதே. "இன்னும் பறக்கல" என்று சாப்பாட்டு வேளைகளில் வந்து தகவல் சொல்வான். பேரனின் ஏமாற்றத்தைத் தாங்க முடியாத என் அப்பா, ஒரு ராத்திரி யாருக்கும் தெரியாமல் குழவியைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் போட்டுவிட்டார். முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளும் மனுஷர்! காலையில் ஒரே கூச்சல். ஐந்தோவனில் தனியாக ரொட்டியைத் தின்றுகொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் இவரை வீடியோவில் எழுப்பி, "அப்பா, பாதி பறந்துடுச்சு!" என்று காட்டினான். குழந்தைக்கு ஏன் பொய் சொல்லித் தருகிறீர்கள் என்று இவருக்குக் கோபம். அப்பாவோ, "காத்து பலம் அப்படி மாப்பிள்ளே" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார்.

என் அப்பாவுக்கு எங்கள் ஊர் மேல் ஒரு பழைய கோபம் உண்டு. எங்கள் ஊர் என்றால் நெதர்லாந்து. பேத்தி காலையில் தோசை மேல் சாக்லேட் தூவிக்கொண்டு சாப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் (அங்கே ரொட்டியில் வெண்ணெய் தடவி அதைத்தான் தூவுவார்கள், நான் என்ன செய்ய) அவருக்குச் சரித்திரம் பீறிட்டு வரும். "உங்க ஆளுங்க 1658-ல நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியன்கிட்டேருந்து புடிச்சாங்க. 1781 வரைக்கும் எழுந்திருக்கலே. ராஜராஜ சோழன் ஆனைமங்கலத்தை எழுதிவச்ச செப்பேடு, 21 ஏடு, அது எங்க போச்சு தெரியுமா? உங்க லெய்டன் ஊருக்கு!" பெரியவள் தோசையை மென்று முடித்துவிட்டு, "நான் எடுக்கல தாத்தா" என்பாள். கொஞ்சம் யோசித்து, "டீச்சர்கிட்ட கேட்டுப் பாக்குறேன்" என்றும் சேர்த்துக்கொள்வாள்.

சரி, பதினெட்டாம் பெருக்குக்கு வருகிறேன்.

இந்த வருஷம் மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12-லேயே திறந்துவிட்டதால் காவேரியின் கிளையாறான குடமுருட்டியில் தண்ணீர் நுங்கும் நுரையுமாக ஓடியது. ஆற்று மணலில் ஷவர் குழாய் நட்டு அதன் கீழ் நின்று பெருக்கு கொண்டாடிய வருஷங்களையும் பார்த்தவள் என் அம்மா, அதனால் ஒரு வாரமாகவே தரையில் கால் பாவவில்லை. காப்பரிசிக்குப் பச்சரிசி ஊறப்போட்டு, வெல்லம் உடைத்து, எள்ளு வறுத்து, காதோலை கருகமணி வாங்கி, புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் என்று ஒரு ஊருக்கே கிளறி வைத்தாள். சின்னவனுக்குத் தச்சர் வீட்டிலிருந்து ஒரு சப்பரம் வந்தது. சக்கரம் கோணல். வண்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே சாமி படம் வைத்து, கயிறு கட்டிக் கொடுத்ததும் தெருவில் இழுத்துக்கொண்டு ஓடினான். அதோடு அம்மியை மறந்தான்.

பெரியவளைப் பட்டுப்பாவாடை கட்டிக்கொள்ள வைப்பது கஷ்டமாக இல்லை. காலில் இருந்த ஷூவைக் கழற்ற வைப்பதுதான் முடியவில்லை. இதற்குக் காரணம் டிப்ளமோ.

நெதர்லாந்தில் கால்வாசி கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது, திரும்பின பக்கமெல்லாம் வாய்க்கால். அதனால் அங்கே பிள்ளைகளுக்கு நீச்சல் என்பது பல் முளைக்கிற மாதிரி கட்டாயம். ஏ, பி, சி என்று மூன்று டிப்ளமோ. விசேஷம் என்னவென்றால், நீச்சலுடை மட்டும் போதாது. சட்டை, கால்சட்டை, ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு நீந்திக் காட்ட வேண்டும். வாய்க்காலில் விழுகிற பிள்ளை உடை மாற்றிக்கொண்டா விழும் என்பது அவர்கள் நியாயம். சனிக்கிழமை தவறாமல் குளோரின் நாற்றத்தில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மற்ற அம்மாக்களோடு உட்கார்ந்து, என் இளமையில் ஒரு பகுதியையும் இவர் சம்பளத்தில் ஒரு பகுதியையும் அந்தக் குளத்தில் கரைத்த பிறகுதான் ஏ டிப்ளமோ கையில் வந்தது. அப்பா அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, 'பேத்தி டிப்ளமோ முடித்துவிட்டாள்' என்று எழுத, மன்னார்குடி சித்தப்பா 'சிவிலா, மெக்கானிக்கலா' என்று கேட்டிருந்தார். அவளுக்கு ஏழு வயசு.

ஆகவே தண்ணீர் என்றால் ஷூ. பட்டுப்பாவாடை, ஜடையில் கனகாம்பரம், காலில் ஷூ என்று படித்துறைக்கு வந்தாள்.

படித்துறையில் கால் வைக்க இடமில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஒரு படியைக் கழுவி, சாணி மெழுகி, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து உட்கார்ந்திருந்தது. காவேரியம்மா மசக்கையாக இருக்கிறாள், வாய்க்கு ருசியாகக் கேட்பாள், அதனால்தான் சித்ரான்னம் என்று அம்மா விளக்கிக்கொண்டிருந்தாள். "அம்மாச்சி, இது குடமுருட்டின்னு போர்டு போட்டிருக்கே?" "எல்லாம் அவ பிள்ளைங்கதான்டி, பேசாம கும்பிடு." கும்பிட்டாள். ஆனால் கண் மட்டும் ஆற்றில் போகிற சாமான் மேலேயே இருந்தது. காதோலை போகிறது, மஞ்சள் கயிறு போகிறது, வாழையிலையில் விளக்கு போகிறது. அவள் முகம் இறுகுவதை நான் பார்த்தேன். குப்பையைப் பிரித்துப் போடுவதில் ஐந்தோவன் வீட்டில் என்னையே அதட்டுகிறவள்.

எங்களுக்குப் பக்கத்துப் படியில் ஒரு புதுப்பெண், வைகாசியில் கல்யாணமானவள். புதுத் தாலிக்கயிறு மாற்றி முடித்து, கல்யாண மாலை இரண்டையும் மாமியார் எடுத்துக் கொடுக்க, புருஷனும் பெண்டாட்டியுமாக ஆற்றில் விட்டார்கள். காய்ந்து சருகான ரோஜாமாலை. அது போக வேண்டியதுதானே? போகவில்லை. படித்துறைக் கைப்பிடிச் சுவர் ஓரம் சுழித்துக்கொண்டு நின்றது. சின்னவனின் சப்பரம் யாரோ ஒரு மாமியின் புளியோதரைத் தூக்கில் ஏறி நின்றதால் நான் அந்தப் பக்கம் ஒரு நொடி திரும்பினேன். அவ்வளவுதான். பாவாடை, கனகாம்பரம், ஷூ சகிதம் பெரியவள் கீழ்ப்படியில் முழங்கால் தண்ணீரில் நின்றாள். இரண்டு மாலையையும் வாரி எடுத்துக்கொண்டு மேலே ஏறி, சொட்டச் சொட்டப் புதுப்பெண்ணின் மடியில் வைத்தாள்.

"அக்கா, உங்க மாலை விழுந்துடுச்சு."

படித்துறையே வாயடைத்துப் போனது. புதுப்பெண் மாமியாரைப் பார்க்க, மாமியார் என்னைப் பார்க்க, நான் ஆற்றைப் பார்த்தேன். அபசகுனம் என்ற வார்த்தை அந்த அம்மாள் உதட்டு வரைக்கும் வந்துவிட்டது. அம்மா அவசரமாக, "குழந்தை, தெரியாம..." என்று ஆரம்பிக்க, இவள் விடவில்லை. "அம்மாச்சி, நீங்கதானே மசக்கைன்னு சொன்னீங்க? மசக்கைக்காரங்களுக்கு யாராவது காஞ்சுபோன மாலையக் குடுப்பாங்களா?"

மேல்படியில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி உலக்கையை நிறுத்தினாள். "ஏம்மா முழிக்கறீங்க? காவேரியே பொண்ணாப் பொறந்து வந்து, எனக்கு வேணாம்டி, நீயே நூறு வருஷம் போட்டுக்கன்னு குடுத்திருக்கா. அடுத்த பெருக்குக்கு இடுப்புல பிள்ளையோட வருவா பாரு" என்றாள். அவ்வளவுதான், காற்று திரும்பிவிட்டது. மாமியார் முகம் மலர்ந்தது. வெற்றிலையில் நூறு ரூபாய் வைத்துப் பெரியவளிடம் கொடுத்து, கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தாள். காவேரிக்கு எதற்கு ஷூ என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. மாலையை மறுபடி நடு ஆற்றில் விட்டார்களா, வீட்டுக்குக் கொண்டுபோனார்களா என்று தெரியவில்லை, அதற்குள் தயிர்சாதம் பரிமாற ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்பா மட்டும் வீடு வருகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். "டச்சுக்காரி ஒருத்தி நம்ம பொருளை எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்ததை என் ஆயுசுல இப்பத்தான் பாக்குறேன்."

மறுநாள் காலை வாசல் தெளிக்கும்போதே மேலத்தெரு அத்தை வந்து நின்றாள். போன தை மாசம் பாத்திரம் துலக்கும்போது அவளுடைய பித்தளைச் சொம்பு படித்துறையில் நழுவிவிட்டதாம். மாமியார் சீதனம். "தண்ணிக்குள்ள பூந்து எடுக்கற படிப்பு படிச்சிருக்காமே பாப்பா?" அப்பா திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பெரிய உத்தியோகஸ்தர் தோரணையில், "இப்ப ஏ டிப்ளமோதான் ஆயிருக்கு. அடியில கிடக்கறத எடுக்கணும்னா சி முடிக்கணும்" என்றார்.

அத்தை யோசித்தாள். "அது எப்ப முடியும்?"

"அடுத்த வருஷம் வர்றப்ப கேளு."

தெருமுனை வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள். "சொம்பு மட்டும் இல்லண்ணே. ஒரு தாம்பாளமும் போச்சு. அதையும் சேத்து எழுதிக்கச் சொல்லுங்க."