தோற்கும் பக்கத்தில் நிற்கும் சொல்

பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி.யின் ஜெனரல் பேப்பர் என்ற ஆங்கிலத் தாளில் ஒரு சொல் என்னைக் கவிழ்த்தது. அடுத்த மாதமே கோயில் சங்கக் கூட்டத்தில் அதே சொல் மறுபடியும் கவிழ்த்தது. தேர்வில் போனது சில மதிப்பெண்கள்தான். கூட்டத்தில் போனது மானம். அந்தச் சொல் நாட்வித்ஸ்டாண்டிங், ‘இருந்தபோதிலும்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்.

மொரீஷியஸில் வளர்கிற தமிழ்ப் பிள்ளையின் நிலைமை தெரிந்ததுதானே. வீட்டில் பிரெஞ்சு வழிவந்த கிரியோல், தொலைக்காட்சியில் பிரெஞ்சு, கோயிலில் கொஞ்சம் தமிழ், விடைத்தாளில் ஆங்கிலம். ஆங்கிலத்தை நாங்கள் பேசிப் பழகியதில்லை, எழுதித்தான் பழகினோம். ஆகவே பெரிய சொற்களை உருவத்தை வைத்து ஊகிப்போம். நானும் அப்படித்தான் ஊகித்தேன்.

தேர்வில் ஓர் அணையைப் பற்றிய பத்தி. ஊர் மக்களின் எதிர்ப்பு, நாட்வித்ஸ்டாண்டிங், அணை கட்டப்பட்டது என்று ஒரு வாக்கியம். அதை உன் சொந்தச் சொற்களில் விளக்கு என்பது கேள்வி. ‘நாட்’ என்று தொடங்குகிறதே, எதையோ மறுக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ‘மக்கள் எதிர்த்ததால் அணையைக் கட்ட முடியவில்லை’ என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போனேன். பத்தி முழுவதும் கட்டி முடிந்த அணையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது! அதைக்கூடக் கவனிக்கவில்லை.

கூட்டக் கதைக்கு வருகிறேன். டிசம்பர் மாதம், தைப்பூச ஏற்பாடுகளுக்கு முன் புதிய நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சங்கத்தின் விதிகள் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. பரீட்சை எழுதிய பையன் என்பதால் என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார்கள். ஆண்டுச் சந்தா கட்டாதவருக்கு வாக்குரிமை இல்லை என்றது விதி ஒன்பது. விதி பதினான்கு, ‘நாட்வித்ஸ்டாண்டிங் ரூல் நைன்’ என்று தொடங்கி, இருபத்தைந்து ஆண்டு உறுப்பினராக இருந்தவர் வாக்களிக்கலாம் என்றது. நான் அதை ‘விதி ஒன்பதுக்கு உட்பட்டு’ என்று விளக்கினேன். அதாவது, பழைய உறுப்பினரானாலும் பாக்கி இருந்தால் வாக்கு இல்லை.

என் பெரியப்பா முப்பது ஆண்டு உறுப்பினர். அந்த ஆண்டு உடம்பு சரியில்லாமல் படுத்திருந்ததால் சந்தா கட்டவில்லை. நான் சொன்னதைக் கேட்டதும் ஒன்றும் பேசாமல் கையிலிருந்த வாக்குச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கடைசி வரிசையில் ஒரு முதியவர் எழுந்தார். வக்கீல் ஒருவரிடம் பல ஆண்டு குமாஸ்தாவாக இருந்தவர். கிரியோலில்தான் பேசினார், அதன் சாரம் இது: “தம்பி, அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்த விதி நிற்கிறதோ அந்த விதி தோற்றுப்போயிற்று. ‘சப்ஜெக்ட் டு’, அதாவது ‘உட்பட்டு’ என்று போட்டிருந்தால்தான் பக்கத்தில் நிற்கும் விதி ஜெயிக்கும்.”

இத்தனை ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. எதிர்ப்பு நாட்வித்ஸ்டாண்டிங் என்றால் எதிர்ப்பு தோற்றது. மழை நாட்வித்ஸ்டாண்டிங் என்றால் மழை தோற்றது. சட்டத்தில் இது இன்னும் கறாராக வேலை செய்யும். கனடாவின் 1982ஆம் ஆண்டு உரிமைச் சாசனத்தில் 33ஆம் பிரிவுக்கு ‘நாட்வித்ஸ்டாண்டிங் கிளாஸ்’ என்றே பெயர். சாசனத்தின் சில உரிமைகள் எப்படி இருந்தாலும் ஒரு சட்டம் செல்லும் என்று நாடாளுமன்றமோ மாகாணச் சட்டமன்றமோ அறிவித்துவிடலாம். அந்த அறிவிப்பு ஐந்து ஆண்டுகளில் காலாவதியாகும். மறுபடி நிறைவேற்றினால்தான் நீடிக்கும். ஒரு சொல்லுக்கு இவ்வளவு பலம்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் பயம் போய்விடும். பழைய ஆங்கிலத்தில் ‘வித்’ என்பதற்கு ‘எதிராக’ என்று பொருள். அதனால்தான் ‘வித்ஸ்டாண்ட்’ என்றால் சேர்ந்து நிற்பதல்ல, எதிர்த்து நிற்பது. நாட்வித்ஸ்டாண்டிங் என்பது ‘எதிர்த்து நிற்கமாட்டாமல்’. 14ஆம் நூற்றாண்டில் லத்தீனின் ‘நோன் ஒப்ஸ்தான்தே’யைப் பார்த்து ஆங்கிலத்தில் செய்துகொண்ட சொல் இது. பிரெஞ்சிலும் ‘நோநொப்ஸ்தான்’ இருக்கிறது. பிரெஞ்சு படிக்கிற நம் பிள்ளைகளுக்கு அது பாதி தெரிந்த முகம். ஆக, உள்ளே இருக்கும் ‘நாட்’ வாக்கியத்தை மறுக்கவில்லை, தடையின் பலத்தைத்தான் மறுக்கிறது. இது அன்று எனக்குத் தெரிந்திருந்தால் அணையும் பெரியப்பாவும் தப்பியிருப்பார்கள்.

இன்னொரு வினோதம் உண்டு. இதே பொருள் தரும் ‘டிஸ்பைட்’ எப்போதும் பெயருக்கு முன்னால்தான் வரும். நாட்வித்ஸ்டாண்டிங் முன்னாலும் வரும், பின்னாலும் வரும். ‘தி ரெயின் நாட்வித்ஸ்டாண்டிங்’ என்று மழையை முதலில் சொல்லிவிட்டுச் சொல்லைப் பின்னால் வைக்கலாம். ஆங்கில மாணவருக்கு இது விசித்திரமாக இருக்கலாம், தமிழருக்கு இது சொந்த வீடு. நாம் எதையும் பின்னால்தானே ஒட்டுகிறோம்: மழை பெய்தும், மழை இருந்தபோதிலும். இந்த ஒற்றுமையைச் சொன்னதும், தமிழ்ப் பாடத்தை வேண்டாவெறுப்பாகப் படிக்கிற பிள்ளையின் முகம்கூட மலரும். எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி.

தமிழ் இன்னொரு விதத்திலும் கைகொடுக்கும். ‘மழை பெய்தும் வந்தான்’, ‘மழை பெய்தாலும் வருவான்’ இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் மழை பெய்தே விட்டது. இரண்டாவதில் பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். கட்டுரையில் ‘பெய்தும்’ என்று மனத்தில் ஓடினால் நாட்வித்ஸ்டாண்டிங்கோ டிஸ்பைட்டோ எழுதுங்கள். ‘பெய்தாலும்’ என்று ஓடினால் ‘ஈவன் இஃப்’ எழுதுங்கள். சட்ட வாசகம் மட்டும் விலக்கு. அங்கே ‘எதுவாயினும்’ என்ற வீச்சில் இரண்டையும் ஒன்றாக வாரிக்கொள்வார்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் பிரெஞ்சால். ‘ஆல்தோ’வுக்கு இணையான பிரெஞ்சு ‘பியான் கு’வுக்குப் பின் முழு வாக்கியம் வருவதுபோல நாட்வித்ஸ்டாண்டிங்குக்குப் பின்னும் ஒரு முழு வாக்கியத்தைக் கொட்டிவிடுவார்கள். இந்தச் சொல்லை ‘டிஸ்பைட்’டுக்கு இணையான பிரெஞ்சு ‘மல்க்ரே’யின் தம்பியாக நினைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தும் என்பதை மல்க்ரே லாப்ளி என்று கிரியோலில் சொல்வதுபோல, பின்னால் ஒரு பெயர் போதும். முழு வாக்கியம் வேண்டுமென்றால் நடுவில் ‘தட்’ போட வேண்டும், அல்லது பேசாமல் ‘ஆல்தோ’வுக்குப் போய்விட வேண்டும். ‘ஆல்தோ’ போட்ட வாக்கியத்தில் ‘பட்’ போடுவதும், ‘டிஸ்பைட்’டுக்கு ‘ஆஃப்’ ஒட்டுவதும் பழைய நோய்கள். இரண்டையும் திருத்தித் திருத்தி என் சிவப்புப் பேனாக்கள் தீர்ந்தன.

கனமான சொல் என்பதையும் மறக்கக் கூடாது. ஆறிப்போன தால் பூரியைத் தின்றதற்கெல்லாம் இதைப் போட்டால் திருத்துபவர் சிரிப்பார். ஒரு கட்டுரைக்கு ஒரு முறை என்பதே அதிகம். பெரிய அலுவலகங்களுக்குக்கூட எல்லா இடத்திலும் இது தேவைப்படுவதில்லை. நம் அரசியல் சட்டத்தின் 49ஆம் பிரிவு, சபையின் மொழி ஆங்கிலம் என்று சொல்லிவிட்டு, ஆனாலும் எந்த உறுப்பினரும் அவைத் தலைவரிடம் பிரெஞ்சில் பேசலாம் என்கிறது. அங்கே இருப்பது வெறும் மூன்றெழுத்து ‘பட்’. அந்தப் பிரிவை நாட்வித்ஸ்டாண்டிங் வைத்துத் திருப்பி எழுதச் சொல்வது என் வழக்கமான பயிற்சி. எழுதி முடித்ததும் எது நன்றாக இருக்கிறது என்று கேட்பேன். அநேகமாக எல்லாரும் ‘பட்’டையே தேர்ந்தெடுப்பார்கள்.

போன ஆண்டு ஒரு மாணவன் ‘நாட்வித்ஸ்டாண்டிங் மை மதர், ஐ வென்ட் டு தி பீச்’ என்று எழுதினான். இலக்கணப்படி தவறு சொல்ல முடியாது. ஆனால் அம்மாவே தடை, அந்த அம்மாவே தோற்றுவிட்டார் என்றல்லவா ஆகிறது? அவன் சொல்ல வந்தது அம்மா போகக் கூடாது என்று சொன்னதை. தோற்றது எது என்று யோசித்து அந்தப் பெயரை வை என்றேன். சற்று நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, ‘மை மதர்ஸ் ரெஃப்யூசல் நாட்வித்ஸ்டாண்டிங்’ என்று திருத்தினான்.

பெரியப்பா அன்று மடித்து வைத்த சீட்டை மறுபடி வெளியே எடுத்து வாக்களித்தார். யாருக்கு என்று கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை.