தலைமன்னார்: மலையிலிருந்து ஒரு கடற்கரைப் பயணம்

விடுமுறை கிடைத்ததும் கடல் பார்க்கக் கிளம்பும் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் நிலாவெளிக்கோ பாசிக்குடாவுக்கோதான் வான் பிடிக்கிறார்கள். குளிப்பதற்கு அவை அருமையான கடற்கரைகள் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் இலங்கை மலையகத்தவர் கட்டாயம் பார்த்துவிட வேண்டிய கடற்கரை, மன்னார்த் தீவின் மேற்கு முனையிலுள்ள தலைமன்னார்தான் என்று, கடந்த ஜனவரியில் ஹட்டனிலிருந்து அங்கே சென்று வந்தபின் உறுதியாக எண்ணுகிறேன்.

மதவாச்சியில் பிரியும் மன்னார்ப் பாதை போகப்போகத் தட்டையாகிறது. மேடும் பள்ளமுமான நிலத்திலேயே வளர்ந்த எங்களுக்கு, கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு குன்றுகூட இல்லாதது முதலில் சற்றுக் கலக்கமாகத்தான் இருந்தது. தீவுக்குச் செல்லும் பாலத்துக்கு முன்பாக, பாதையின் இரு பக்கமும் உப்புச் சேற்றுவெளியாக விரிவதுதான் வங்காலைப் பறவைகள் சரணாலயம். 2010இல் இது உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பூநாரைகள் வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் கவிழ்த்து, சேற்றுநீரை உறிஞ்சி வடிகட்டி, அதில் தங்கும் சிற்றுயிர்களை உண்டுகொண்டிருந்தன. அவற்றின் இளஞ்சிவப்பு நிறமே அந்த இரையிலிருந்துதான் வருகிறது. நிற்கும்போது ஏறக்குறைய வெள்ளையாகத் தோன்றிய கூட்டம், பறக்க எழுந்து இறக்கையை விரித்த கணத்தில், அதுவரை மறைந்திருந்த சிவப்பும் கருப்பும் ஒருசேர வெளிப்பட்டன.

மன்னார் நகரில் போர்த்துக்கேயர் 1560இல் கட்டிய கோட்டையும், பள்ளிமுனையில் அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பருத்த பெருக்கமரமும், கடைவாசல்களில் அட்டைப்பெட்டி தின்றுகொண்டு நிற்கும் கழுதைகளும் உண்டு. ஒரு மாலைப்பொழுதுக்குள் இவற்றைப் பார்த்துவிடலாம்.

தலைமன்னாருக்கு அப்படி அவசரமாகப் போகக்கூடாது. பழைய இறங்குதுறையின் துருவேறிய இரும்புக்கு அருகில் வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்கள் ஊரைக் கேட்டறிந்து, "அப்போ இது உங்கட துறையெல்லோ, தம்பி" என்றார். 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலம்தொட்டு, தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து ஆள்சேர்த்து அழைத்துவந்த கங்காணிமாரின் பின்னால் வந்த எங்கள் முன்னோரில் பெருந்தொகையானோர் இந்த மன்னார்க் கரையோரத்திலேயே தோணிகளிலிருந்து இறங்கி, காட்டுவழியாக மாத்தளைவரை நடந்தார்கள். கொலராவுக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் பலியாகி வழியிலேயே புதைந்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கி, ரயில் பாதையும் இங்கே வந்து சேர்ந்தது; இவ்வழியாக வந்தவர்களுக்கு அதன்பின் அந்த நடைத் துன்பம் இருக்கவில்லை.

அதே துறை பின்னர் எதிர்த்திசையிலும் திறந்தது. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் 1964இல் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத்தவரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று, அவர்களில் ஒருவரையும் கேட்காமலே முடிவு செய்தது. அவ்வாண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனதால், பின்னாளில் கப்பல் இராமேசுவரத்துக்கே சென்றது. லயம் எனும் தோட்டத் தொடர்வீடுகளின் உறவுகளைப் பிரித்து ஏற்றிச்சென்ற ரயிலை எங்கள் மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே அழைத்தார்கள். எங்கள் அம்மாயியின் தங்கை குடும்பமும் அப்படிப் போனதுதான். நீலகிரிக் கூடலூரிலிருந்து சில காலம் கடிதம் வந்து, பிறகு நின்றுவிட்டது. வரலாற்றுப் பாடத்தில் ஒரே பத்தியில் கடந்துபோன இந்தச் செய்தியை, இரண்டு திசைகளுக்கும் பொதுவான அந்தக் கரையில் நின்றபோது என்னால் அவ்வளவு எளிதாகக் கடக்க முடியவில்லை.

போக விரும்புகிறவர்கள் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் சென்றால் பூநாரைகளையும் பார்க்கலாம். போரினால் 1990இல் நின்ற ரயில் 2015இல் மீண்டும் தலைமன்னார் வரை ஓடத் தொடங்கியது. ஆயினும் திரும்பும்போது மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குப் பேருந்தில் வருவதையே பரிந்துரைப்பேன். ஏறத்தாழ அன்று அவர்கள் நடந்த திசை அது. மலையகத்தவர் வந்த 200 ஆண்டு நிறைவையொட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்களுக்கு, வழியெங்கும் உணவும் தங்குமிடமும் கிடைத்தும், இரு வாரங்களுக்கு மேல் பிடித்தது.