ஆத்துக்குள்ள ஒரு கோயில், கரையில நான்

எங்க ஊரு திருநெல்வேலிக்கு யாராவது வந்தா நெல்லையப்பர் கோயில், அல்வான்னு லிஸ்ட் போட்டுட்டுத்தான் வருவாங்க, நானும் கூட்டிட்டுப் போவேன், ஆனா சாயங்காலம் நாலரை ஆச்சுன்னா வண்டியைத் தாமிரபரணி ஆத்துல இருக்குற குறுக்குத்துறை படித்துறைக்குத் திருப்பிருவேன். வீட்லருந்து பத்து நிமிஷம்தான். இதுக்கெல்லாமா பயணக் கட்டுரைன்னு கேட்டா கேட்டுக்கோங்க.

தாமிரபரணி பொதிகையில பொறந்து புன்னக்காயல்ல கடல்ல சேர்ற வரைக்கும் எத்தனையோ படித்துறை இருக்கு, இங்க என்ன விசேஷம்னா முருகன் கோயிலே ஆத்துக்குள்ள இருக்கு. கரையில இல்ல, உள்ள. திருச்செந்தூர் மூலவருக்கே இங்கருந்துதான் கல்லு போச்சுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. தண்ணி வர்ற பக்கத்து மதில் படகு மூக்கு மாதிரி கூரா இருக்கும், வெள்ளம் வந்து மோதுனா ரெண்டா பிரிஞ்சு போயிரும். அதைக் கட்டுனவன் வெள்ளம் வராதுன்னு நெனச்சு கட்டல, வரும்னு தெரிஞ்சே கட்டியிருக்கான். தண்ணி ஏறுதுன்னு தெரிஞ்சா உற்சவரைத் தூக்கிட்டு மேலக்கோயிலுக்குப் போயிருவாங்க, மூலவர் மட்டும் தண்ணிக்குள்ளயே இருப்பார், வடிஞ்சதும் சேறைக் கழுவித் தள்ளிட்டு மறுபடி பூஜை. சின்னப்பிள்ளைல எங்க ஆச்சி மழைக்காலத்துல "எல, கோயில் முங்கிட்டா பாத்துட்டு வா"ன்னு அனுப்பும், டிவி நியூஸெல்லாம் அப்புறம்தான்.

நான் உக்காருற எடம் கல்மண்டபத்துக்குக் கீழ, தண்ணி தொடுற படிக்கு மேல்படி. காலைத் தொங்கவிட்டா அரை நிமிஷத்துல குட்டி மீனுங்க வந்துரும். மொதல்ல குதிகாலு, அப்புறம் விரலு இடுக்கு, கூச்சம் தாங்காம காலை இழுத்தா அத்தனையும் சிதறி ஓடிட்டு திரும்ப அதே எடத்துக்கு வரும். எதுத்தாப்ல ஒரு மீன்கொத்தி எப்பவும் ஒரே பாறையிலதான் உக்காரும், அதே பறவைதானான்னு சத்தியம் பண்ண முடியாது, நான் அதேன்னு வச்சுக்கிட்டேன்.

குறையும் சொல்லணும்ல. குளிக்க எறங்குறப்ப எடம் பாத்து எறங்குங்க, சாக்கடை கலக்குற பக்கம் நாத்தம் தாங்காது. ஷாம்பு பாக்கெட்டை அப்படியே படியில போட்டுட்டுப் போறவங்களைப் பாத்தா எனக்கு வர்ற கோவத்துக்கு அளவே இல்ல, சொன்னா சண்டைக்கு வாராங்க.

2023 டிசம்பர் வெள்ளத்துல கோயில் முங்குனது ஊருக்கே தெரியும். தண்ணி வடிஞ்சு நாலஞ்சு நாள் கழிச்சுப் போனேன், என் படியைக் காணோம், முழங்கால் அளவுக்கு மணலும் சகதியும் மூடிக் கெடக்கு, மண்டபத் தூண்ல செதுக்குன பொம்மை மூஞ்சியில கூட சேறு அப்பிக் காஞ்சுபோய் இருந்துச்சு, வெரலால சொரண்டிப் பாத்தேன், மாவு மாதிரி உதிருது. பக்கத்துல துணி தொவைச்சிட்டு இருந்த ஒரு அக்கா, "மேல பாருங்க தம்பி"ன்னாங்க. மருத மரத்துல, என் தலைக்கு மேல ரெண்டாள் ஒசரத்துல, யாரோட சேலையோ, பச்சைக் கலரு, கிளையில சுத்திக் கெடந்துச்சு. அதை யாரும் எடுக்கல. இப்பவும் போனவாரம் பாத்தேன், நெறம் வெளுத்து நூலு நூலா தொங்குது, கீழ பயலுவ குதிச்சுக் குளிச்சிட்டு இருக்கானுவ.