கழுவுவதற்காகக் கட்டிய ஸ்டாண்ட்

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறான். தன் மூன்றடுக்கு ஸ்டாண்டின் படத்தை அளவுகளோடு எனக்கு அனுப்பியிருந்தான். மேல்தட்டில் வெந்நீர்ப் பாத்திரம், நடுத்தட்டில் முளைகட்டி உலர்த்திய பார்லியை ஊறவைக்கும் பாத்திரம், கீழே கொதிக்கவைக்கும் பாத்திரம். மூன்றுமே பழைய பீர் பீப்பாயின் தலையை வெட்டிச் செய்தவை, ஒவ்வொன்றும் 15.5 காலன், நம் கணக்கில் 58 லிட்டருக்குச் சற்று மேல். குழாயைத் திறந்தால் மேலே இருப்பது தானாகக் கீழே இறங்கும். பம்ப் வேண்டாம், தூக்கி ஊற்றவும் வேண்டாம்.

அவன் ஊரில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டுத் தேவைக்குப் பீர் காய்ச்சுவதற்கு வழிவிட்டது. நம் நாட்டில் மது மாநிலங்களின் பொறுப்பு. 1965-ஆம் ஆண்டின் கர்நாடகக் கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் யாரும் மது தயாரிக்க முடியாது. பெங்களூரில் பீர் காய்ச்சி விற்கும் உணவகங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவை எல்லாம் உரிமம் வாங்கியவை. நான் காய்ச்சுவது கொம்புச்சா, அதாவது சர்க்கரை போட்ட தேநீரைப் புளிக்கவைத்து எடுக்கும் பானம். ஆகவே நான் கட்ட நினைத்த ஸ்டாண்டுக்குத் தம்பியின் படத்தில் இருந்து தேவைப்பட்டது அந்த உயர வித்தியாசம் மட்டுமே.

தேவை வந்த காரணம் எளிது. லிங்கராஜபுரத்தில் இரண்டாம் மாடியில், இரண்டு படுக்கையறை கொண்ட வீடு. பத்து லிட்டர்க் கண்ணாடி ஜாடிகள் இரண்டு சமையல் மேடையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தன. தோசைக்கல் வைக்க இடமில்லை என்பது அத்தையின் புகார். அதைவிடப் பெரிய சிக்கல், எட்டு லிட்டர் திரவத்தோடு ஒரு கண்ணாடி ஜாடியைத் தூக்கிச் சாய்த்துப் பாட்டிலில் ஊற்றுவது. ஐம்பதைத் தாண்டிய முதுகுக்கு அது சரிப்படாது.

தாளில் வரைய உட்கார்ந்தபோது ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டேன்: கை நுழைந்து கழுவ முடியாத இடம் இந்த ஸ்டாண்டில் எங்கேயும் இருக்கக் கூடாது. கொம்புச்சா என்பது ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். நாம் விரும்பாத பூஞ்சைக்கும் அதே சர்க்கரைதான் சாப்பாடு. இனிப்புத் தண்ணீர் ஒரு சொட்டு ஒளிந்திருந்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். படங்களில் பார்த்த ஸ்டாண்டுகளில் பலவும் காய்ச்சும் நாளை மட்டும் மனதில் வைத்துக் கட்டியவை. காய்ச்சுவது சில மணி நேர வேலை. கழுவுவதுதான் ஓயாத வேலை.

உயரம் முதலில் முடிவானது. தம்பியின் மேல்தட்டு அவன் தலைக்கு மேலே இருக்கிறது. 77 டிகிரி வெந்நீரை அங்கே ஏற்றிவைத்துக் கீழே நின்று குழாயைத் திறக்கிறான். அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. என் மேல்தட்டு நான்கு அடி, சரியாக என் நெஞ்சு உயரம். எட்டிப் பார்த்தால் பாத்திரத்தின் அடி தெரிய வேண்டும். அடி தெரியாத பாத்திரத்தை யாரும் ஒழுங்காகத் தேய்ப்பதில்லை. அதற்குக் கீழே இருபது அங்குலம் விட்டு நடுத்தட்டு, அதில் ஜாடிகள். இன்னும் இருபது அங்குலம் கீழே பாட்டில்களுக்கான தட்டு. தரைக்கும் கடைசித் தட்டுக்கும் இடையே துடைப்பம் தாராளமாகப் போய்வரும்.

அகலம் இரண்டு அடி, ஆழம் ஒன்றரை அடி. நான்கு கால்களுக்குப் பதினாறு அடி, மூன்று தட்டுகளின் சட்டத்துக்கு இருபத்தொன்று, ஆக முப்பத்தேழு அடி. பைப் இருபது அடி நீளமாகத்தான் கிடைக்கும் என்பதால் இரண்டு நீளம் வாங்கினால் கணக்கு முடிந்தது. மிஞ்சிய துண்டில், கழுவிய சிலிக்கான் குழாய்களை வடியவிட ஒரு குறுக்குக் கம்பி கிடைத்தது.

தம்பியின் படத்தில் இருந்து நான் அடியோடு கழற்றிவிட்டது சூட்டை. கொதித்த திரவத்தை விரைவாக ஆற்றப் பீர் காய்ச்சுகிறவர்கள் சுருள் குழாய் ஒன்றை உள்ளே இறக்கி, அதன் வழியாகக் குளிர்ந்த தண்ணீரை ஓடவிடுவார்கள். ஓடிய தண்ணீர் பெரும்பாலும் சாக்கடைக்குத்தான் போகும். 2024 கோடையில் பெங்களூர் பட்ட பாட்டை மறந்தவர்கள்தான் இதைச் செய்ய முடியும். அந்த மார்ச் மாதம் குடிநீரில் கார் கழுவினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. எங்கள் தெருவில் டேங்கர் வந்த சத்தம் கேட்டாலே குடங்கள் வெளியே வரும். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் இருந்து மேடேற்றிக் கொண்டுவரும் காவிரியைத் தேநீர் ஆற்றுவதற்காகச் சாக்கடையில் விட எனக்கு மனம் வரவில்லை.

அதனால் முறையை மாற்றினேன். பத்து லிட்டர் தண்ணீரை முதல் நாள் இரவே கொதிக்கவைத்து மூடி ஆறவிடுகிறேன், குளோரினும் போய்விடும். மறுநாள் தனியாக நான்கு லிட்டரில் மட்டும் நூறு கிராம் தேயிலையையும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் சர்க்கரையையும் போட்டுக் கடுஞ்சாறு எடுக்கிறேன். அது கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மேல்தட்டுப் பாத்திரத்தில் இரண்டையும் கலந்தால் முப்பது டிகிரி அளவில் நின்றுவிடும். முந்தைய தவணையின் புளித்த கொம்புச்சா ஜாடிக்கு ஒரு லிட்டர், கூடவே ஸ்கோபி, அதாவது ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வளர்ந்த வழுவழுப்பான ஆடை. அவற்றின் மேல் தேநீர் தானாக இறங்குகிறது. அடுப்பு சமையலறையிலேயே இருப்பதால் ஸ்டாண்டில் நெருப்பும் இல்லை, மின்சாரமும் இல்லை. "ஒரு சின்ன பம்ப் வாங்கிவிடு அக்கா, வேலை சுலபமாகும்" என்று தம்பி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். பம்பின் உள்ளே யார் தேய்ப்பது?

அடுத்தது இரும்பா, ஸ்டீலா என்ற கேள்வி. வெல்டிங் பட்டறை அல்சூரில் இருந்தது. நடத்துகிறவர் திருப்பத்தூர்க்காரர். தலைமுறையாக இங்கேயே இருப்பதால் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார். "இரும்பில் அடித்துப் பவுடர் கோட்டிங் கொடுத்துவிடலாம் அக்கா, பாதிச் செலவுதான்" என்றார். பலருக்கு அது போதும் என்றுதான் நானும் சொல்வேன். ஸ்டாண்டின் இரும்புச் சட்டம் பானத்தைத் தொடப்போவதில்லை. ஆனால் பாட்டிலில் நிரப்பும் நாளெல்லாம் புளிப்பு சொட்டும். பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் அதன் அடியில் துரு ஓடும், மேலே தெரியாது. ஸ்டீல்தான் என்று சொல்லிவிட்டேன். ஒரு அங்குலச் சதுர பைப், ஒன்றரை மில்லிமீட்டர் கனம், 304 தரம்.

304 என்று கேட்பது சுலபம், வாங்குவது கடினம். அதில் குரோமியம் பதினெட்டு சதவீத அளவிலும் நிக்கல் எட்டு சதவீத அளவிலும் இருக்கும். விலை குறைந்த 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்லும் அறிவுரை இங்கே உதவாது, இரண்டிலுமே காந்தம் பெரிதாக ஒட்டாது. கடைக்காரர் ஒருவர் பில்லிலேயே 304 என்று எழுதிக் கொடுத்த பைப்பைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வெல்டர் ஒன்றும் சொல்லாமல் மேசை இழுப்பறையைத் திறந்து, சொட்டு மருந்துக் குப்பி போல ஒன்றையும் ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்றையும் எடுத்தார். பைப்பை வேட்டி நுனியால் துடைத்து ஒரு சொட்டு விட்டார். பேட்டரியின் ஒரு முனை பைப்பில், மறுமுனையின் கம்பி சொட்டில். இரண்டு மூன்று விநாடிகளில் சொட்டு சிவந்தது. "202," என்றார், "ஆய்த்து." திருப்பிக் கொண்டுபோனபோது கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்று சாதித்தார், சண்டை போட்டு மாற்றினேன். மாற்றிய பைப்பில் சொட்டு நிறம் மாறவில்லை.

வெல்டரிடம் நான் வைத்த நிபந்தனைகள் அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். முதலாவது, புதிய கட்டிங் வீல். அவர் பட்டறையில் கிரில் கதவுகள்தான் அன்றாட வேலை. இரும்பு அறுத்த சக்கரத்தால் ஸ்டீலைத் தொட்டால் இரும்புத் துகள் பதிந்து, பிறகு புள்ளி புள்ளியாகத் துரு பூக்கும். இரண்டாவது, ஆர்கான் வெல்டிங். மூட்டைச் சுற்றி முழுவதும் வெல்டிங் ஓட வேண்டும், நான்கு இடத்தில் பொட்டு வைத்து விடக் கூடாது. பொட்டுக்கும் பொட்டுக்கும் இடையிலான சந்தில்தான் சர்க்கரைப் பாகு குடியேறும். மூன்றாவது, பைப்பின் திறந்த வாய்கள் எல்லாவற்றையும் தகடு வைத்து அடைக்க வேண்டும். பிளாஸ்டிக் மூடி போதாது. கழுவும் தண்ணீர் அதன் வழியே உள்ளே போய்த் தேங்கிவிடும்.

அவரும் ஒன்று சொன்னார், அது என் படத்தில் இல்லாதது. பின்பக்கம் மூலைக்கு மூலை ஒரு சாய்வுச் சட்டம் வேண்டும் என்றார். மேலே பாத்திரத்தோடு பதினாறு பதினேழு கிலோ ஏறும்போது வெறும் செவ்வகம் பக்கவாட்டில் ஆடும். பேச்சோடு நிறுத்தாமல், தற்காலிகமாகப் பற்றவைத்திருந்த சட்டத்தைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். சாய்வுச் சட்டம் வந்த பிறகு அசையவில்லை. வீட்டில் ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சுவரிலும் ஆங்கர் போல்ட் போட்டுப் பிணைத்துவிட்டோம். வெல்டிங் சூட்டில் நீலம் பாய்ந்த இடங்களைப் பிக்ளிங் பேஸ்ட் போட்டு அவரே சுத்தம் செய்தார். அதில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டு. வீட்டில் செய்யத்தக்க வேலை அல்ல.

தட்டுகளுக்கு மூடிய தகடு போடவில்லை. சட்டத்தின் மேல் எடுத்துக் கழுவக்கூடிய கம்பி வலைத் தட்டுகள்தான். நடுத்தட்டின் கீழே மட்டும் ஒரு சொட்டுத் தட்டு இழுப்பறை போல வெளியே வரும்.

மேல்தட்டுப் பாத்திரத்தைச் சிக்பேட்டைப் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் எடுத்து, பட்டறையிலேயே துளை போட்டுக் குழாய் பொருத்தினேன். பணத்தைக் கொட்டிய இடம் இந்தக் குழாய். உருண்டை ஒன்று சுழன்று திறந்து மூடும் சாதாரண 'பால்' (ball) வால்வை மூடும்போது, அந்த உருண்டையின் துளையிலும் அதைச் சுற்றியும் கொஞ்சம் திரவம் சிறைப்பட்டுவிடும். வெந்நீரை எவ்வளவு ஓடவிட்டாலும் அங்கே போய்ச் சேராது. மூன்று துண்டாகக் கழலும் பால் வால்வு என்று ஒன்று இருக்கிறது. நான்கு போல்ட்டைக் கழற்றினால் நடுப்பகுதி கையோடு வந்துவிடும், உருண்டையை உருட்டி எடுத்துத் தேய்க்கலாம். எஸ்.பி. ரோட்டில் வால்வு விற்கும் கடைகளில் "மூன்று பீஸ்" என்றால் எடுத்துத் தருகிறார்கள்.

தம்பி ஆசையாகத் தபாலில் அனுப்பிய இணைப்புகளை இதில் பயன்படுத்த முடியவில்லை. அரை அங்குல மரையில் அமெரிக்க அளவுக்கும் நம் கடைகளில் இருக்கும் பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் அளவுக்கும் அங்குலத்துக்குப் பதினான்கு புரி என்ற எண்ணிக்கை ஒன்றே. ஆகவே ஒரு சுற்று ஏறிப் பொருந்துவது போலவே இருக்கும். ஆனால் புரியின் கோணம் அங்கே அறுபது டிகிரி, இங்கே ஐம்பத்தைந்து. டெஃப்லான் டேப்பை எவ்வளவு சுற்றினாலும் கசியாது என்று நம்ப முடியாது. ஜாடிகளோடு வந்த முலாம் பூசிய பிளாஸ்டிக் குழாய்களைக் கழற்றிவிட்டு ஸ்டீல் குழாய்களும் சிலிக்கான் வாஷர்களும் போட்டேன். பித்தளை வேண்டாம், அதில் ஈயம் கலந்திருக்கலாம், இந்தப் பானமோ பி.எச். மூன்றை ஒட்டிய புளிப்பு.

சின்ன விஷயங்கள் சில. கால்கள் நான்கும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிற்கின்றன. பெங்களூர் எறும்புக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. ஜாடியின் வாய்க்கு மெல்லிய மல்மல் துணி கட்டினால் பழ ஈ நுழைந்துவிடும், நெருக்கமாக நெய்த பழைய வேட்டித் துணிதான் சரி. ஸ்டாண்டை பால்கனியில் வைக்காமல் உள்வழியில் வைத்ததால் டிசம்பர்க் குளிரில் புளிப்பு அதிகம் தூங்குவதில்லை.

கடைசித் தட்டுதான் இந்த ஸ்டாண்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாட்டிலில் அடைத்து இறுக மூடிய பிறகும் ஈஸ்ட் வேலை செய்துகொண்டே இருக்கும், வாயு ஏறும். ஏப்ரலில் வெளியே முப்பத்தைந்து டிகிரி தொடும் நாட்களில் கண்ணாடி பாட்டில் வெடிப்பது கதை அல்ல. அதனால் நான்கு பக்கமும் மேலேயும் துளையிட்ட தகட்டால் கூண்டு அடித்து, முன்பக்கம் கொக்கி போட்ட கதவு வைத்தோம். ஒவ்வொரு தவணையிலும் ஒரு பாட்டில் மட்டும் பிளாஸ்டிக் சோடா பாட்டில். அதை அழுத்திப் பார்த்துக் கல் மாதிரி இருந்தால் எல்லாமே உடனே குளிர்பெட்டிக்குள் போய்விடும். வெடிப்பைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு: வெதுவெதுப்பில் விட்டுவைத்தால் ஆல்கஹால் அரை சதவீதத்தைத் தாண்டலாம், நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் மதுபானம் என்று கணக்கிடத் தொடங்குவது அந்த எல்லைக்கு மேல்தான்.

பைப், வலைத் தட்டு, கூண்டு, கூலி எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்தைத் தொட்டது. வால்வும் குழாய்களும் தனி. தயாராக விற்கும் ஸ்டீல் அலமாரி இதில் பாதி விலைக்குக் கிடைக்கும், ஜாடி மட்டும் வைப்பதானால் அதை வாங்குங்கள். அத்தைக்கு மேடை திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் மிஞ்சிய பைப்பில் செய்த குறுக்குக் கம்பியில் இப்போது என் சிலிக்கான் குழாய்களைவிட அவருடைய கரித்துணிகள்தான் அதிகம் தொங்குகின்றன. அதற்கு இன்னொரு கம்பி பற்றவைக்க வெல்டரிடம் சொல்லியிருக்கிறேன்.