தாராவியிலிருந்து ஒரு கூட்டத்தைத் தேடி

குடியை நிறுத்தி இன்றோடு 41 நாள்கள் ஆகின்றன என்பதை, தாராவியில் என்னைத் தள்ளாடிய நிலையில் பார்த்தவர்களும் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணைநின்று குடியை விட உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டத்தை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டிருந்தார்கள். அந்த அமைப்பின் உதவி எண்ணை அழைத்து, அருகிலுள்ள கூட்டத்தின் இடத்தையும் நேரத்தையும் கேட்டு, புறப்படும் நாளன்று மீண்டும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். அப்படிச் செய்யாததால் நான் முதல்முறை பக்கத்துப் பகுதியான சயானில் ஒரு பூட்டிய கதவின் முன்னால் நின்றேன். (அன்று நேரே மதுக்கடைக்குப் போகாதது எனக்கே வியப்பு.)

திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தினரும் வரலாம்; மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புவோருக்கு மட்டுமே. கட்டணம் கிடையாது, முழுப்பெயரையும் கேட்பதில்லை. 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இதைத் தொடங்கிய பங்குச்சந்தைக்காரரும் அறுவை மருத்துவரும் குடிநோயாளிகளாகவே இருந்தவர்கள் என்பதாலோ என்னவோ, அங்கே யாரும் மேலே நின்று அறிவுரை சொல்வதில்லை. என் இந்தி அழுவதற்குப் போதாது என்பதால் தமிழிலேயே பேசினேன், ஒருவரும் தடுக்கவில்லை.

நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தகையோர் முதலில் மருத்துவரைப் பாருங்கள். போதையிலிருந்து மீள உதவும் அரசின் கட்டணமில்லா எண் 14446.

என் மனைவி இப்போது குடும்பத்தினருக்கான அல்-அனான் கூட்டத்துக்குப் போகிறார். அங்கே என்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்று நான் கேட்பதில்லை.