பழைய பைக் வாங்கும் முன்: தேதியையும் கிலோமீட்டரையும் ஒப்பிட்டுப் பாருங்கள்

சொந்த உபயோக டூ வீலருக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) கிடையாது. புதிதாகப் பதிவு செய்த பிறகு, 15 வருடம் முடிந்து ஆர்.சி.யை (பதிவுச் சான்று) புதுப்பிக்கும்போதுதான் ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பார். தேறினால் 5 வருடம் நீட்டிப்பு. அதனால் 2016 மாடலைக் காட்டி “எஃப்.சி. 2031 வரைக்கும் இருக்கு சார்” என்று சொன்னால் அது வெறும் பதிவுக் காலம். வண்டியை யாரும் சோதித்ததற்கான அத்தாட்சி இல்லை. சோதனை விவரத்தை நாம்தான் சிதறிக் கிடக்கும் சீட்டுகளிலிருந்து சேர்த்தெடுக்க வேண்டும்.

அரசின் எம்பரிவாஹன் ஆப்பில் வண்டி நம்பரை அடித்தால் பதிவு, இன்சூரன்ஸ், புகைச் சான்று எதுவரை, ஃபைனான்ஸ் உண்டா என்பது தெரிந்துவிடும். “லோன் எப்பவோ முடிஞ்சிடுச்சு, ஹெச்.பி. மட்டும் கேன்சல் பண்ணல” என்ற பேச்சு கன்சல்டிங்குகளில் (பழைய வண்டி விற்கும் கடைகளில்) சகஜம். ஹெச்.பி. என்பது ஆர்.சி.யில் ஏறியிருக்கும் கடன் பதிவு. உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் கடன் பாக்கி இல்லை என்ற பேங்க் என்.ஓ.சி.யும், ஹெச்.பி.யை நீக்கும் ஃபார்ம் 35-உம் கண்ணில் படாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இ-செலான் (போக்குவரத்து அபராத) பாக்கியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். திருட்டு வண்டியா என்று சேசிஸ் நம்பரை (ஃப்ரேமில் அடித்த எண்) வைத்து தேசிய குற்ற ஆவணக் காப்பகமான என்.சி.ஆர்.பி.யின் ‘வாகன் சமன்வய்’ தளத்தில் தேடலாம்.

அந்த நம்பரை ஆர்.சி.யிலிருந்து எடுக்காதீர்கள், வண்டியிலிருந்து எடுங்கள். பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃப்ரேமின் கழுத்தில் அடித்திருப்பார்கள். அழுக்கைத் துணியால் துடைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து, மேலே செல்லோ டேப்பை ஒட்டி உரித்தால் நம்பர் டேப்பில் வந்துவிடும். வெள்ளைத்தாளில் ஒட்டி வெளிச்சத்தில் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். ஓர் எழுத்து மட்டும் தூக்கலாகவோ, சுற்றிலும் சாண்ட் பேப்பர் கீறலோ இருந்தால் அந்த வண்டி வேண்டாம். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் காற்றில் நின்ற வண்டிகளில் துரு நம்பரையே அரித்திருக்கும். திருட்டு வண்டியாக இல்லாவிட்டாலும், பெயர் மாற்றும்போது ஆர்.டி.ஓ.வில் நிற்கப்போவது நீங்கள்தான்.

புகைச் சான்றில் தேதியைவிட அளவுகள் முக்கியம். அனுமதித்த வரம்பும் வந்த அளவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கார்பன் மோனாக்சைடு கூடினால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஹைட்ரோகார்பன் கூடினால் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியவில்லை), அல்லது ஆயில் எரிகிறது. சைலன்சருக்குள் குழாயை விடாமலேயே சான்று அடித்துத் தருகிற இடங்களும் உண்டு. அதனால் டெஸ்ட் டிரைவ் போகும்போதே, இன்ஜின் சூடாக இருக்கையில், நீங்களே புதிதாக ஒன்று எடுங்கள்.

இன்சூரன்ஸில் நோ கிளெய்ம் போனஸைப் பாருங்கள். வருஷா வருஷம் கிளெய்ம் இல்லாமல் போனால் பிரீமியத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். நாலு வருட வண்டிக்கு முழு பாலிசி இருந்தும் போனஸ் பூஜ்யம் என்றால், பெரும்பாலும் ஒன்று கிளெய்ம் வாங்கியிருக்கிறார்கள், இல்லை பாலிசி 90 நாளுக்கு மேல் விட்டுப்போயிருக்கிறது. எது என்று கேளுங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் போனஸே வராது, இந்தக் கணக்கு உதவாது.

அடுத்தது ஜாப் கார்டு, அதாவது சர்வீஸ் சீட்டு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஓனரோடு போய் வண்டி நம்பரைச் சொன்னால் பழைய சர்வீஸ் பதிவுகள் இருக்கும். தேதி வாரியாக கிலோமீட்டரை எழுதி வையுங்கள். 2021-ல் 31,000 என்று இருந்து இன்றைக்கு மீட்டர் 24,000 காட்டினால் பேச ஒன்றுமில்லை. ஜாப் கார்டு கிடைக்கவில்லையா, டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் 2321 என்றால் 2021-இன் 23-ஆவது வாரத்தில் தயாரித்தது. 2018 வண்டி, மீட்டரில் 9,000 கிலோமீட்டர், இரண்டு டயரும் 2021 என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வடசென்னையில் நிறைய வண்டிகள் தண்ணீரில் நின்றன. எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் வேறு. பாலிஷ் போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. சீட்டைக் கழற்றி வயர் கப்ளரைப் பிரித்துப் பாருங்கள், பின்னில் பச்சை பூத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியின் உள்சுவரில் சேற்றுக் கோடு நிற்கும். வயர் சுற்றின டேப்பில் பிசுபிசுப்பான கருப்புக் கறை இருந்தால் அது அந்த எண்ணெய்த் தண்ணீரின் அடையாளம். ஆயில் மூடியைத் திறந்தால் பால் டீ நிறம் தெரிகிறதா? வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள். கடலோர வண்டியென்றால் ஸ்விங் ஆர்மின் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) அடிப்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் புள்ளி புள்ளியாகத் துரு அரித்திருந்தால் எத்தனை ஆயில் சீல் மாற்றினாலும் கசியும்.

எல்லாம் சரியாக இருந்தால் பெயர் மாற்றும் ஃபார்ம் 29, 30-இல் உங்கள் பெயரும் தேதியும் உங்கள் கண் முன்னே நிரம்ப வேண்டும். கையெழுத்து மட்டும் போட்ட வெற்று ஃபார்மை வாங்கி வராதீர்கள். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தண்டையார்பேட்டை டி.என். 03 வண்டியாக இருந்தாலும் செங்குன்றம் டி.என். 18 ஆக இருந்தாலும் இதேதான்.