மூன்றாவது கட்டத்தில் தேதி: பார் தேர்வை இரண்டாம் முறை எழுதியவளின் குறிப்புகள்

சட்டம் படித்தவர்கள் எழுதும் அகில இந்திய பார் தேர்வு, அதாவது ஏ.ஐ.பி.இ. 20 முடிவு வந்து ஐந்து நாள் ஆகிறது. தேர்ச்சி. பாளையங்கோட்டை நீதிமன்றத்துக்கு எதிரில் இருக்கும் கடையில் எங்கள் குமாஸ்தா அண்ணாச்சி எல்லோருக்கும் டீ சொன்னார், காசு என் கணக்கில். போன முறை, 2024 டிசம்பர் 22 அன்று எழுதிய 19-ஆம் தேர்வில் நான் தோற்றபோது, அதே கடையில் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

தேர்வின் அமைப்பை நான் விளக்கப்போவதில்லை. மைனஸ் மதிப்பெண் கிடையாது, குறிப்பு எழுதாத சட்டப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோகலாம், 45 எடுத்தால் போதும். இதிலும் ஒருத்தி தோற்பாளா என்று கேட்பீர்கள். தோற்றேன், மூன்று கேள்வி வித்தியாசத்தில். புத்தகம் மேசைமேல்தான் இருந்தது. எந்தப் புத்தகத்தைத் திறப்பது என்பதில்தான் தடுமாறினேன்.

நான் 2019-இல் சேர்ந்து 2024-இல் முடித்தவள். ஐந்து வருடமும் ஐ.பி.சி.யும் (இந்திய தண்டனைச் சட்டம்) சி.ஆர்.பி.சி.யும் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) ஓதிவிட்டு வெளியே வந்தபோது, பழையவற்றின் இடத்தில் ஜூலை 1 அன்று குற்றங்களுக்கு பி.என்.எஸ்., நடைமுறைக்கு பி.என்.எஸ்.எஸ்., சாட்சியத்துக்கு பி.எஸ்.ஏ. என மூன்று புதிய சட்டங்கள் அமலுக்கு வந்துவிட்டன. சேர்ந்திருந்த பயிற்சி வகுப்பில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு கட்டம் போட்ட ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். அதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தேன். கொலை 302 போய் 103. மோசடி 420 போய் 318(4). ஊரே ஒருவரை ஒருவர் ‘ஃபோர் ட்வென்டி’ என்று திட்டிக்கொள்ளும் அந்த எண் 358 பிரிவுகளே உள்ள புதிய சட்டத்தில் கிடையாது. இல்லாத எண்ணால் தொல்லை இல்லை. தொல்லையெல்லாம் அதே எண் வேறு வேலைக்கு வந்து உட்கார்ந்திருக்கும் இடங்களில்தான்.

என்னைச் சாய்த்த நான்கு:

482. பழைய சி.ஆர்.பி.சி.யில், வழக்கையே ரத்து செய்ய உதவும் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், புதிய பி.என்.எஸ்.எஸ்.ஸில் முன்ஜாமீன். உள்ளார்ந்த அதிகாரம் 528-க்குப் போய்விட்டது.

144. நாளிதழ்களில் நாம் பார்த்து வளர்ந்த தடை உத்தரவு இப்போது 163. பி.என்.எஸ்.எஸ். 144 என்பது ஜீவனாம்சம், பழைய 125.

173. முன்பு காவல் துறையின் இறுதி அறிக்கை, இப்போது முதல் தகவல் அறிக்கை. இறுதி அறிக்கை 193.

302. பி.என்.எஸ்.ஸில் இது வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்தும் சொல். கொலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முதல் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே எச்சரிக்கை வந்தது. மதுரைக் கிளையில் தாக்கல் செய்ய வேண்டிய ஒரு ரத்து மனுவைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். தலைப்பில் பி.என்.எஸ்.எஸ். 482. சீனியர் சார் சிவப்பு மையில் சுழித்துவிட்டு, “ஏம்மா, வழக்கையே ரத்து செய்யச் சொல்கிறாயா, முன்ஜாமீன் கேட்கிறாயா? ஒன்றை முடிவு செய்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றே திருந்தியிருக்க வேண்டும்.

இரண்டாம் முறை படிக்க உட்கார்ந்தபோது புதிய புத்தகம் எதுவும் வாங்கவில்லை. பழைய நோட்டில் இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கோடு இழுத்தேன். தலைப்பு: ‘எப்போதிருந்து?’ என் தேர்ச்சிக்கு அந்த ஒரு கோடுதான் காரணம் என்று நான் சொன்னால் அண்ணாச்சி கூட நம்புவதில்லை. ஆனால் நான் அதைத்தான் சொல்வேன்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 2024 ஜூன் 28 இரவு திருட்டு. வீட்டுக்காரர் ஊரிலிருந்து திரும்பி ஜூலை 3 அன்று புகார் கொடுக்கிறார். எந்தச் சட்டம்? ‘ஜூலைக்குப் பிறகு எல்லாம் புதுசு’ என்று நினைத்தால் தவறு. குற்றம் நடந்த நாளில் இருந்தது ஐ.பி.சி., எனவே குற்றப்பிரிவு 379. அரசியலமைப்பின் 20(1), பி.என்.எஸ். 358 இரண்டும் அதைக் காக்கின்றன. வழக்குப் பதிவோ ஜூலையில், எனவே நடைமுறை பி.என்.எஸ்.எஸ். 173. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பழையதும் புதியதும். இனி அதே திருட்டுக்கு ஜூன் 29 அன்றே வழக்குப் பதிவாகி விசாரணை நிலுவையில் இருந்திருந்தால்? அப்போது பி.என்.எஸ்.எஸ். 531 குறுக்கே வந்து பழைய நடைமுறையையே தொடரச் சொல்லும். சாட்சியத்துக்கு பி.எஸ்.ஏ. 170 அதே வேலையைச் செய்யும். மூன்று சட்டத்திலும் கடைசிப் பிரிவை முதலில் படியுங்கள். பயிற்சி வகுப்பில் நேரமில்லை என்று விட்டுவிடுவது அதைத்தான்.

கோடு இழுத்த பிறகு எங்கே பார்த்தாலும் தேதி தெரிய ஆரம்பித்தது, கொஞ்சம் பைத்தியம் மாதிரி. அந்த நோட்டின் ஒரு பக்கம் அப்படியே:

பி.என்.எஸ். 106(2), விபத்து நடத்திவிட்டு ஓடுவது. ஜூலை 1 அறிவிக்கையில் இதை மட்டும் விட்டுவிட்டார்கள். புத்தகத்தில் அச்சாகியிருக்கும், அமலுக்கு வரவில்லை.

வருமான வரிச் சட்டம் 2025. ஆகஸ்டில் ஒப்புதல், அமல் 2026 ஏப்ரல் 1. நவம்பர் தேர்வுக்கு 1961-தான்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு. சட்டம் 2023, விதிகள் 2025 நவம்பர், பெரும்பகுதி இன்னும் தள்ளி.

நில எடுப்பு 2013. அமல் 2014 ஜனவரி 1. பிரிவு 24-ஐ விடாதே.

தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கு: ________

அந்தக் கோடிட்ட இடம் மாதக்கணக்கில் காலியாகவே கிடந்தது. 2019-இலும் 2020-இலும் நிறைவேறியவை, 29 சட்டங்களை விழுங்கப் பிறந்தவை, அமலுக்கு வராமல் படுத்திருந்தன. 2025 நவம்பர் 21, வெள்ளிக்கிழமை, நான்கும் எழுந்துவிட்டன. தேர்வு 30-ஆம் தேதி. ஒன்பது நாள்! வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே அழுகை. நான்கு மதிப்பெண் பகுதிக்காக இரண்டு பேர் தேர்வையே தள்ளிப்போட நினைத்தார்கள். நான் அந்த வெற்றிடத்தில் தேதியை எழுதினேன், தொழில் தகராறுச் சட்டத்தையும் புதிய தொகுப்பையும் இரண்டையுமே பையில் வைத்தேன், குழுவிலிருந்து வெளியேறினேன். குழுவாகப் படிப்பது எனக்கு என்றைக்குமே ஒத்துவந்ததில்லை. சிலருக்கு ஒத்துவரலாம். எனக்கென்னவோ, பத்துப் பேர் சேர்ந்தால் பத்துப் பேரின் பயமும் சேர்ந்துவிடுகிறது.

தீர்ப்புகளுக்கும் இதே கட்டம்தான். பெயர், அமர்வு, விகிதம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள்: தேர்தல் பத்திரம் 2024 பிப்ரவரி 15, ஐந்து பேரும் ஒரே குரல். பட்டியல் சாதிகளுக்குள் உள்வகைப்படுத்தல் 2024 ஆகஸ்ட் 1, ஏழில் ஆறு. ஆர்பிட்ரேஷன் நடுவரின் தீர்ப்பை நீதிமன்றம் ஓரளவு திருத்தலாம் என்ற காயத்ரி பாலசாமி 2025 ஏப்ரல் 30, நான்குக்கு ஒன்று, மாறுபட்டவர் நீதிபதி கே.வி. விஸ்வநாதன். இவையெல்லாம் சரி. ஆனால் தீர்ப்பு எந்த நாளிலிருந்து வேலை செய்கிறது என்பதையும் எழுதுங்கள். கனிம வரி வழக்கில் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் மாநிலங்களுக்கு வரி போடும் அதிகாரம் உண்டு என்றார்கள். மூன்று வாரம் கழித்து, 2005 ஏப்ரல் 1 வரை பின்னோக்கிப் போகலாம் என்றும் சொன்னார்கள். முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு சிறையில் இருந்துவிட்டால் பிணையில் விடுவிக்கச் சொல்லும் பி.என்.எஸ்.எஸ். 479, பழைய கைதிகளுக்கும் பொருந்தும் என்றாயிற்று.

வழக்கறிஞர் பதிவுக் கட்டணத் தீர்ப்பு மட்டும் முன்னோக்கி. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் வாங்கக் கூடாது என்றது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னது. நான் பதிவு செய்தது அதற்கு மூன்று வாரம் முன்பு. அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது அந்தப் பல ஆயிரத்துக்காகத்தான். முன்னோக்கிய விளைவு என்றால் என்ன என்று என்னை யாரும் கேட்க வேண்டாம்.

சமகாலத் தீர்ப்புகளில் கடைசி வாரம் வரை கண் இருக்கட்டும். தமிழ்நாடு ஆளுநர் வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று இரு நீதிபதிகள் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என்று சொன்னபோது நோட்டில் மூன்று பக்கம் எழுதி, ஆளுநருக்கு விதித்த காலக்கெடுவுக்கெல்லாம் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். நவம்பர் 20 அன்று குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டு அனுப்பிய கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் பதில் சொன்னார்கள்: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, கருதப்படும் ஒப்புதல் என்ற ஒன்று இல்லை, காரணமற்ற நீண்ட தாமதத்தில் மட்டும் ஓரளவு தலையிடலாம். மூன்று பக்கத்திலும் குறுக்குக்கோடு. அடிக்க மனமே வரவில்லை, அடித்தேன்.

மற்றவை, வேகமாக:

பென்சில் குறிப்பு உள்ள புத்தகத்தைக் கொண்டுபோகாதீர்கள். முந்தைய இரவு இரண்டு மணி வரை ரப்பரால் அழித்தேன். அதுவே நல்ல மீள்பார்வையாகவும் ஆனது.

ஒப்பீட்டு அட்டவணை அச்சான பதிப்பை விடுவார்களா என்ற சந்தேகத்தில் அதை வீட்டிலேயே விட்டேன். மனத்தில் இருந்தால் போதும்.

தொழில் நெறி நான்கு மதிப்பெண்ணை இலவசம் என்று நினைக்காதீர்கள்.

சட்டப் புத்தகத்தின் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைக்கும், முதல் முறை நான் வாங்கியதும் அதுதான்.

கையால் எழுதுங்கள். கைபேசியில் சேமித்தது எனக்கு நினைவில் நின்றதே இல்லை.

தோற்ற வருடம் வீணா என்று கேட்பவர்களுக்கு: 2025 மே 20 அன்று உரிமையியல் நீதிபதி தேர்வுக்கு மூன்று வருட வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் எங்கள் வராந்தாவில் பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் அந்த மூன்று வருடத்தை வழக்கறிஞராகத் தற்காலிகமாகப் பதிவு செய்த நாளிலிருந்தே எண்ணலாம் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது, பார் தேர்வில் தேறிய நாளிலிருந்து இல்லை. எனக்கு 2027 ஜூலை. நோட்டில் எழுதிவிட்டேன், மூன்றாவது கட்டத்தில்.